ஆள் ஒரு புத்தகத்தில், வேலை இன்னொரு புத்தகத்தில்

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஓர் அலவாங்கு சாத்திக் கிடக்கிறது. தாத்தா காலத்தது. அவர் கையில் இருந்தபோது ஆளுயரம் இருந்ததாக அப்பா சொல்வார். இப்போது என் நெஞ்சுக்கும் எட்டாது. கல்லுக்காட்டில் குழி வெட்டி முனை மழுங்கிய போதெல்லாம் அது ஆசாரி பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது. உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் போட்டு நுனியை நீட்டி அடித்து, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுப்பார்கள். எடுத்த கையோடு அதைக் கல்லில் உரசி மினுக்கிவிட்டு, தண்டில் தங்கியிருக்கும் சூடு நுனிக்குத் திரும்பி வருவதைக் கண்கொட்டாமல் பார்த்திருக்க வேண்டும். முதலில் வைக்கோல் மஞ்சள் படரும். பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், அப்புறம் நீலம். எந்த நிறத்தில் மறுபடி தண்ணீருக்குள் விடுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. முந்தினால் நுனி சில்லாகத் தெறிக்கும். பிந்தினால் முதல் கல்லிலேயே மடங்கும். இதற்குத்தான் தோய்ச்சல் என்று பெயர்.

ஒவ்வொரு தோய்ச்சலுக்கும் இரும்பு கொஞ்சம் கருகி உதிரும், கொஞ்சம் கல்லில் தேயும். அந்த அலவாங்கு இழந்த உயரம், அது பட்டறைக்குப் போய் வந்த கணக்கு. அப்படியானால் அந்த வேலைக்கு என்ன விலை? எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய கணக்குப் புத்தகங்களில் அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? தலவாக்கலையைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலை ஏறி நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. கொழுந்து எத்தனை இறாத்தல், துண்டு எவ்வளவு, பென்ஸ் காசு எவ்வளவு என்றெல்லாம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். செடியை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியையும் முள்ளையும் மம்முட்டியையும் ஆண்டு முழுக்க வேலைக்கு ஆகும்படி வைத்திருந்த ஆசாரியின் கூலியைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை. அந்தக் கூலியைத் தேடுவதற்கு முதலில் புத்தகங்கள் எழுதப்பட்ட முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பெயர். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் போய்ச் சொன்ன வேலையை முடித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். இந்தப் பேரை எழுதும் புத்தகம் செக்ரோல். ஆளுக்கு ஒரு வரி, மாதத்தின் நாளுக்கு ஒரு கட்டம், வந்த நாளுக்கு ஒரு கோடு. மாதக் கடைசியில் கோடுகளைக் கூட்டிச் சதத்தால் பெருக்கி, அரிசியையும் கம்பளியையும் கழித்தால் கைக்கு வருவது தெரியும். அதே அலுவலகத்தில் இன்னொரு புத்தகமும் இருக்கும். அதில் ஆள் பெயர் கிடையாது. கவ்வாத்து, புல்வெட்டு, கான்வெட்டு, பாதை, கட்டடம், கருவிகள் என்று தலைப்புப் பிரித்து, ஒவ்வொரு தலைப்பிலும் எத்தனை பேர் செலவானது, எவ்வளவு பணம் போனது என்று எழுதி, கொழும்பிலுள்ள ஏஜன்சிக் கம்பெனிக்கு மாதாமாதம் அனுப்புவார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் போட்ட மதிப்பீட்டுக்குள் செலவு நிற்கிறதா என்பதுதான் அந்தப் புத்தகத்தின் கவலை.

ஆக, ஆசாரி செக்ரோலில் இருக்கிறார். அவருக்கு எண் உண்டு, கோடு உண்டு. அன்று அவர் அடித்தது அலவாங்கா, வண்டிப் பட்டையா, லயத்துக் கதவுக்குக் கொண்டியா என்பது அங்கே இல்லை. வேலை மற்றப் புத்தகத்தில் இருக்கிறது, அங்கே அவர் இல்லை. கருவிகள் என்ற ஒரே தலைப்புக்குள் சீமையிலிருந்து வந்த புது மம்முட்டியின் விலையும், பழைய மம்முட்டிக்கு வாய் அடித்த கூலியும், உலைக்குக் கரி சுமந்தவனின் பேரும் கலந்து கரைந்துவிடுகின்றன. ஆளை ஒரு புத்தகத்திலும் வேலையை இன்னொரு புத்தகத்திலும் வைத்துவிட்டால் கைத்தொழிலின் விலை எங்குமே தெரியாது. என் பார்வையில் தோட்டக் கணக்கு நமக்குச் சொல்லும் முதல் செய்தி இதுதான். எதையும் விடாமல் எழுதுகிற கணக்கு, தன் வடிவத்தாலேயே ஒரு தொழிலைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

இதே மலைகளில் தோட்டம் வருவதற்கு முன் இரும்பு வேலைக்கு விலை எப்படி இருந்தது என்பதை, கணக்கனும் அதிகாரியும் அல்லாத ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ரொபர்ட் நொக்ஸ் 1660 முதல் 1679 வரை கண்டி ராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர். கடைசி ஆண்டுகளில் கம்பளைப் பக்கம் எலதெட்டவில் வீடு கட்டி வாழ்ந்தார். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில் கொல்லர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. மலைநாட்டு இரும்பு வேலையின் விலையைப் பற்றி நான் படித்தவற்றில் அதைவிடத் துல்லியமானது வேறில்லை.

அவர் சொல்வதன் சாரம் இது. பழைய கருவிகளைச் செப்பனிட்டுக் கொடுப்பதற்கு, ஊரார் அறுவடைக் காலத்தில் வழக்கப்படி ஓர் அளவு தானியம் கொல்லருக்குக் கொடுத்துவிடுவார்கள். புதிதாக ஒரு கருவி வேண்டுமானால் அது வேறு கணக்கு. அரிசி, கோழி, ஒரு போத்தல் சாராயம் என்று ஏதாவது கையில் எடுத்துக்கொண்டு பணிவாகப் போய், எந்த நாளில் வரலாம் என்று கேட்க வேண்டும். அவர் சொன்ன நாளில் இரும்பையும் கரியையும் நாமே சுமந்து போக வேண்டும். கொல்லர் தம் முக்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். துருத்தி ஊதுவது நாம். சம்மட்டி அடிப்பது நாம். அவர் குறட்டால் இரும்பைப் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் இடையிடையே தட்டி உருவம் கொண்டுவருவார். அரம் போட வேண்டியிருந்தால் முதலில் நம்மைக் கல்லில் தேய்த்துவரச் சொல்லி, கடைசிக் கைவேலையை மட்டும் தாம் செய்வார். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கொல்லர், அந்த ஊரார் அவரிடமே போயாக வேண்டும் என்ற கட்டு இருந்ததால்தான் அவருக்கு இந்த மிடுக்கு என்று நொக்ஸ் காரணமும் சொல்கிறார்.

இதில் விலை நான்கு துண்டாக உடைந்து கிடப்பதைக் கவனிக்க வேண்டும். இரும்பு வேலை கொடுப்பவருடையது, கரியும் அவருடையது, உடலுழைப்பும் அவருடையது. கொல்லர் விற்பது அறிவை மட்டும்தான்: எப்போது எடுப்பது, எங்கே தட்டுவது, எந்த நிறத்தில் தோய்ப்பது. அதற்குத்தான் கோழியும் சாராயமும். பராமரிப்புக்கோ துண்டு துண்டாக விலையே கிடையாது. ஆண்டுக்கு ஓர் அளவு தானியம், அவ்வளவுதான். மண்வெட்டி ஆண்டில் மூன்று முறை மழுங்கினாலும் முப்பது முறை மழுங்கினாலும் அதே தானியம். அதனால் நன்றாகத் தோய்ச்சல் போடுவதில் கொல்லருக்கே லாபம். மறுபடி மறுபடி வந்து நிற்க மாட்டார்கள் அல்லவா!

இது போன்ற ஏற்பாடு அரசாங்க எழுத்தில் பதிவானது இரண்டு நூற்றாண்டு கழித்து. இராஜகாரியம் என்ற கட்டாய அரச ஊழியம் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்ட பிறகும் விகாரை, தேவாலய நிலங்களில் ஊழியத்துக்கு நிலம் என்ற முறை தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அந்த ஊழியங்களை எல்லாம் பங்கு வாரியாகப் பதிந்தார்கள். இன்ன பங்குக்காரர் இன்ன வேலை செய்ய வேண்டும், அதைச் செய்யாமல் பணமாகக் கட்டுவதானால் ஆண்டுக்கு இவ்வளவு என்று பதிவேட்டில் கண்டிருக்கிறது. ஆச்சாரிப் பங்குகளும் அதில் வருகின்றன. கோயிலுக்கு வேண்டிய இரும்பு வேலையும், காணிக்கையாகக் கத்தி, பாக்குவெட்டி போன்றவற்றைக் கொடுப்பதும் அவர்கள் கடமை. பரம்பரையாக விலையே இல்லாமல் நடந்த வேலைக்கு, அரசாங்கப் பேனா முதல்முறையாகப் பண மதிப்பு எழுதியது அங்கேதான். கண்டிச் சீமையின் கைத்தொழில்களைப் பற்றி 1908இல் பெரிய நூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமிக்கும் இந்தப் பதிவேடுகள் கைகொடுத்தன.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை, இன்னும் விரிவாக. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற அதிகாரி செங்கற்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு மூலமான தமிழ் ஓலைக் கணக்குகளும் கிடைத்திருக்கின்றன. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் தொடங்கிவைத்த தேடலின் வழியில், சென்னையில் உள்ள கொள்கை ஆய்வு மையத்தார் 2001இல் திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் கணக்கை நூலாக்கினார்கள். களத்தில் நெல்லைக் குவித்ததும், சர்க்காரும் மிராசும் பங்கு போடுவதற்கு முன்பே, பொதுக் குவியலிலிருந்து கொல்லனுக்கும் தச்சனுக்கும் வண்ணானுக்கும் வெட்டியானுக்கும் அளந்து எடுத்து வைக்கிறார்கள். அந்தப் பங்குக்குக் கணக்கில் எழுதிய சொற்கள் மேரை, சுதந்திரம். இன்று நாம் விடுதலை என்ற பொருளில் வழங்கும் அதே சொல்தான். தன் தொழிலுக்காக ஊர்ப் பொதுவிலிருந்து உரிமையாகப் பெறுவதற்கு அன்று சுதந்திரம் என்று பெயர் இருந்தது. இந்தச் சொல்லை முதலில் கணக்கில் பார்த்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இன்னும் பின்னால் போனால் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய இடங்களின் வரிசையில் ஊர் நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு கம்மாணச்சேரியும் வருகிறது. கம்மாளர் குடியிருப்பின் நிலத்தைக் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டார்கள். வாங்காமல் விட்டதும் ஒருவகைக் கூலிதான்.

கூலியைத் தனியே காட்டிய கணக்குகளும் உண்டு. இங்கிலாந்தின் பண்ணைக் கணக்குச் சுருள்களையும் கல்லூரிக் கணக்குகளையும் வைத்துத் தொரோல்டு ரோஜர்ஸ் 1866இலிருந்து ஏழு தொகுதிகளாக விலை வரலாறு எழுதினார். அந்தப் பண்ணைக் கணக்குகளில் ஏர்ச்செலவு என்று தனித் தலைப்பு உண்டு. வாங்கிய இரும்பு ஒரு வரி, அதைக் கொழுவாக்கிய கொல்லனுக்குக் கொடுத்தது ஒரு வரி. பொருளும் கூலியும் பிரிந்து நிற்பதால்தான் அறுநூறு ஆண்டு கழித்தும் ஒருவரால் இரண்டையும் தனித்தனியே பார்க்க முடிந்தது. எங்கள் தோட்டக் கணக்கில் காணாமல் போனது அந்த இரண்டாவது வரி.

நுவரெலியாவில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்குக் கொல்லரின் அருமை நன்றாகத் தெரிந்திருந்தது. சாமுவேல் பேக்கர் 1848இல் அங்கே பண்ணை அமைக்க ஆள்களோடும் மாடுகளோடும் கப்பலேறியபோது, கூட்டி வந்தவர்களில் ஒரு கொல்லரும் இருந்தார். ஆறாயிரம் அடி உயரத்தில் கலப்பையோ வண்டியோ முறிந்தால் கொழும்பு போய் வர முடியாது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலும் அதுதான் நிலைமை. கோப்பி மூட்டை கீழே போனதும் அரிசி மேலே வந்ததும் மாட்டுவண்டியில். வண்டி என்றால் பட்டை கட்டுவதும் இருசு சரிபார்ப்பதும் லாடம் அடிப்பதும் உண்டு. அந்த வேலை தோட்டத்துக்குள் மட்டும் இல்லாமல் தெருவோரப் பட்டறைகளிலும் ஓடியது. புகையிரதம் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் தலவாக்கலை வழியாக நானுஓயாவுக்கும் வந்தது. வண்டி ஓட்டம் தோட்டத்திலிருந்து ஸ்டேசன் வரை என்று சுருங்கியது. தெருவோரக் கொல்லரின் கைக்கு வந்த காசும் அதோடு சுருங்கியிருக்கத்தான் வேண்டும்.

பழைய புத்தகங்களைப் படிக்கிறவர்கள் நாணயத்தில் தடுக்கி விழுவதுண்டு. 1872க்கு முன் கணக்கு பவுண், ஷில்லிங், பென்ஸில். அந்த ஆண்டு ஜனவரி 1இலிருந்து ரூபாய், சதம். அன்றைய ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங். எனவே 6 பென்ஸ் கூலி என்று இருந்தால் அது ஏறத்தாழ 25 சதம். பிறகு வெள்ளி விலை சரிந்து, நூற்றாண்டு முடிவதற்குள் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு இறங்கிவிட்டது. தோட்டத் துரைமாருக்கு இது நல்ல காலம்: தேயிலையைப் பவுணில் விற்றுக் கூலியை ரூபாயில் கொடுத்தார்கள். இரும்புக்கு மட்டும் கணக்குத் தலைகீழ். சீமையில் 2 ஷில்லிங் விலையுள்ள ஒரு கருவி 1872இல் இங்கே 1 ரூபாய் என்றால், அதே கருவி நூற்றாண்டு முடிவில் 1 ரூபாய் 50 சதம், கப்பல் கூலி தனி. ஆசாரியின் பேரோ ரூபாயில்தான், ஏறாமல் நின்றது. புதிதாக வாங்குவதைவிடப் பழையதை அடித்து நீட்டிக்கொள்வது மலிவாகிப் போனது. தோட்டந்தோறும் ஒரு பட்டறைக் கொட்டில் நிலைத்து நின்றதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகக் கருதுகிறேன். வீழ்ந்த ரூபாயின் சுமையை உலையடியில் நின்றவர் தோளில் வாங்கிக்கொண்டார் என்பதே இதன் பொருள்.

இதே காலத்தில் தொழிலும் இரண்டாகப் பிளந்தது. ஜோன் வாக்கர் 1854இல் கண்டியில் தொடங்கிய நிறுவனமும், 1875இல் ஹட்டனில் சிறு பட்டறையாக முளைத்த பிரவுண்ஸும் கோப்பி, தேயிலை இயந்திரங்களைக் கையில் எடுத்துக்கொண்டன. உருளை, அடுப்பு, தண்ணீர்ச் சக்கரம் எல்லாம் இஸ்டோர் என்ற தொழிற்சாலைக்குள் போயின. அங்கே இயந்திரம் பார்க்கும் பிட்டர் வந்தார், அவருக்கு மாதச் சம்பளம். வெளிக்காட்டுக் கருவிகள் பட்டறை ஆசாரியிடம் நின்றன, அவருக்கு நாள் பேர். மம்முட்டியும் உல்வர்ஹாம்டன் சில்லிங்டன் கம்பெனியின் முதலை மார்க்கோடு வந்து இறங்கியதும், புதுக் கருவி செய்யும் வேலை அவர் கையை விட்டுப் போய்விட்டது. நொக்ஸ் பார்த்த கொல்லருக்குக் கோழியும் சாராயமும் வாங்கிக் கொடுத்த வேலை அது. மிஞ்சியது பராமரிப்பு. முன்பு அதற்கு அறுவடைத் தானியம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தது. 1929இல் மலைநாட்டுக்கு அறிவித்த விகிதம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அந்தச் சட்டம் பெரிய வெற்றி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த அட்டவணையைப் பாருங்கள். ஆண், பெண், பிள்ளை என்று உடலைப் பார்த்து விலை வைத்திருக்கிறது. கைத்தொழிலுக்கு அதில் வரி கிடையாது.

கைத்தொழிலுக்குத் தனி வரி எழுதிய அட்டவணைகளும் உண்டு. ரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் கி.பி. 301இல் போட்ட விலைக் கட்டளையில் கொல்லனுக்குச் சாப்பாட்டோடு நாளுக்கு 50 தெனாரி, வயல் கூலிக்கு 25. சரியாக இரட்டிப்பு. இங்கிலாந்தின் கட்டடக் கூலியை ஏழு நூற்றாண்டுக்குத் தொகுத்த பெல்ப்ஸ் பிரவுணும் ஷீலா ஹாப்கின்ஸும், 15ஆம் நூற்றாண்டிலிருந்து முதலாம் உலகப் போர் வரை கைவினைஞர் கூலி 3 என்றால் எடுபிடிக் கூலி 2 என்ற விகிதம் அசையாமல் நின்றதைக் காட்டினார்கள். ஒரு சமூகம் கைத்திறனை எவ்வளவு மதித்தது என்பதை இந்த விகிதத்தைப் போல வேறெதுவும் காட்டாது. இலங்கை அரசு ஆண்டுதோறும் அச்சிட்ட நீலப் புத்தகங்களில் வயல் வேலை, வீட்டு வேலை, கைத்தொழில் என்று மூன்றாகப் பிரித்துக் கூலி எழுதியிருக்கிறார்கள். செக்ரோலிலுள்ள ஆசாரியின் பேர்த் தொகையை அதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தோட்டத்து வேலி அந்த விகிதத்தை என்ன செய்தது என்று ஆண்டு ஆண்டாகச் சொல்லிவிடலாம்.

தோய்ச்சலின் விலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவ்வாத்துக்குப் போகிறவருக்கு இத்தனை செடி என்று கணக்கு உண்டு. கத்தி ஏறாவிட்டால் கிளை வெட்டுப்படாமல் பிளக்கும், இரண்டு முறை ஓங்க வேண்டியிருக்கும், செடிக் கணக்குக் குறையும், அரைப்பேர் விழும். பட்டறையில் மிச்சம் பிடித்த கரிக்கும் நேரத்துக்கும் மலையில் நிற்பவர் தன் கூலியால் ஈடு கட்டுகிறார். நல்ல தோய்ச்சலின் பெறுமதியை எழுதிய பக்கம் அதனால் கருவிகள் என்ற தலைப்பில் இருக்காது. செக்ரோலில், கவ்வாத்துக்காரர்களின் அரைப்பேர்க் கட்டங்களில் தேட வேண்டும்.

பேனா யார் கையில் இருந்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 18ஆம் நூற்றாண்டுக் கொல்லர்கள் பலர் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதினார்கள். இன்னாருடைய குதிரைக்கு லாடம், இன்னாருக்குக் கோடரி என்று ஒரு பக்கம், அதற்கு அவர் கொடுத்த சோளமோ ஒரு நாள் உழைப்போ எதிர்ப்பக்கம். எந்த வேலைக்கு எவ்வளவு என்று இன்றும் வரிவரியாகப் படிக்கலாம். எங்கள் ஆசாரிமாரின் கணக்கு, கரிக்கட்டியால் பட்டறைச் சுவரில் கோடாக இருந்தது. சுண்ணாம்பு அடித்தபோது அது போய்விட்டது. மடக்கும்புரவில் 1914இல் பிறந்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை இந்த மலைகளின் நாட்டுப்பாடல்களைக் காதால் கேட்டுத் தொகுத்ததால்தான் அவை மிஞ்சின. பட்டறைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

தோட்டக் கணக்குப் புத்தகங்கள் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குக் கைமாறின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அலுவலகத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் தூக்கிப் போடுவது பழைய செக்ரோலைத்தான். கணக்கு முடிந்த புத்தகம், எடைக்கு நல்ல விலை போகும். தப்பியவை அலுவலக அலுமாரிகளின் கீழ்த்தட்டில் கரையான் வாயில் கிடக்கின்றன. எந்தத் தோட்டத்திலாவது ஒரே மாதத்தின் செக்ரோலும் செலவுப் புத்தகமும் சேர்ந்து கிடைத்தால் இரண்டையும் ஒரே மேசையில் விரியுங்கள். செக்ரோலில் ஆசாரியின் வரியைக் கண்டுபிடித்து அவர் வந்த நாள்களை எண்ணுங்கள். மற்றப் புத்தகத்தில் கருவிகள் தலைப்பிலிருந்து வாங்கிய சாமானின் விலையைக் கழித்துவிடுங்கள். அந்த மாதம் கவ்வாத்தில் எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர் என்று கூட்டுங்கள். மூன்று தொகையையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எந்தத் தோட்டம், எந்த மாதம் என்று மேலே குறித்து வையுங்கள்.